ரொமேரோவின் பண்ணைவீடு: 1968ஆம் ஆண்டுப் படமும் 1990ஆம் ஆண்டு மறுஆக்கமும் – எதை முதலில் பார்ப்பது?

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

எங்கள் வாசகர் வட்டத்தினர் சிலர் வரும் மாதம் ஒரு சனிக்கிழமை இரவு என் வீட்டுக் கூடத்தில் கூடி, ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) படத்தையும், அதே பெயரில் டாம் சவினி 1990இல் இயக்கிய மறுஆக்கத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பதாக இருக்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டையுமே பார்க்காதவர்கள். எதை முதலில் போடுவது என்று கேட்டபோது ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அதனால் இங்கே வந்து கேட்கிறேன். முடிவு வரை கதையைப் பேசாமல் இதைத் தீர்க்க முடியாது என்பதால், படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

கதை எளியது. தந்தையின் கல்லறைக்கு அண்ணனோடு வந்த பார்பரா, அங்கே அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு ஒரு பண்ணைவீட்டுக்குள் ஓடி ஒளிகிறாள். பென் என்பவரும் அங்கே வந்து சேர்கிறார். வெளியே செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். நிலவறையில் ஹாரி கூப்பர் என்பவர் மனைவியோடும் கடிபட்ட மகளோடும் ஏற்கெனவே பதுங்கியிருக்கிறார். ஓர் இளம் இணையும் உடன் இருக்கிறது. மேலே இருந்து வீட்டைக் காப்பதா, கீழே இறங்கி ஒரே கதவை அடைத்துக்கொள்வதா என்ற சண்டைதான் படத்தின் பெரும்பகுதி.

மூலத்தின் திரைக்கதையை ரொமேரோவும் ஜான் ரூசோவும் சேர்ந்து எழுதினார்கள். மறுஆக்கத்தின் திரைக்கதையை எழுதியவரும் ரொமேரோதான். ஆகவே யாரோ கைவைத்த நகல் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஓர் எழுத்தாளர் இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் பழைய கையெழுத்துப் படியை எடுத்துவைத்து அடித்துத் திருத்தியதாகவே அதைக் கொள்ள வேண்டும். அந்தத் திருத்தத்தில் பார்பரா மேம்பட்டாள், வீடு பலவீனமடைந்தது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

செந்தூல் பழையவன் (கோலாலம்பூர்)

தம்பி, திரைக்கதைக்குப் போகுமுன் பணத்தைப் பற்றிப் பேசிவிட வேண்டும். மூலப்படத்தின் ஒவ்வொரு முடிவும் பணமில்லாமையிலிருந்து பிறந்தது. பிட்ஸ்பர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த நண்பர்கள் ஆளுக்கு 600 டாலர் போட்டு வேலையைத் தொடங்கினார்கள். பிறகு அங்கும் இங்கும் திரட்டி, மொத்தம் ஏறத்தாழ 114,000 டாலரில் படத்தை முடித்தார்கள். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் எடுத்ததற்கும் செலவுதான் காரணம். கறுப்பு வெள்ளையில் இரத்தம் எந்த நிறமாக இருந்தாலும் ஒன்றுதான் என்பதால் சாக்லேட் பாகை இரத்தமாக ஊற்றினார்கள். எவன்ஸ் சிட்டி அருகே அவர்களுக்குக் கிடைத்த வீடு இடிக்கப்படவிருந்த வீடு. சன்னலை உடைக்கவும் சுவரில் ஆணி அறையவும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. கூப்பராக நடித்த கார்ல் ஹார்ட்மன் தயாரிப்பாளர்களில் ஒருவர். அவருடைய மகளாக நடித்த சிறுமி அவருடைய சொந்த மகள். முதல் காட்சியில் கல்லறையில் தங்கையைக் கேலி செய்யும் ஜானியாக வருகிற ரஸ்ஸல் ஸ்ட்ரைனரும் தயாரிப்பாளர்தான்.

இதனால் விளைந்தது என்ன என்பதற்குப் பென் வீட்டை அடைக்கும் காட்சியைப் பாருங்கள். அவர் மேசையைக் கவிழ்த்துக் கால்களைப் பிடுங்குகிறார். இஸ்திரிப் பலகையைக்கூட விடுவதில்லை. கையில் கிடைத்த பலகையைக் கிடைத்த ஆணியால் அறைகிறார். எந்தப் பலகையும் அடுத்த பலகையோடு அளவில் ஒத்துப்போவதில்லை, நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது. பின்னர் அந்த இடைவெளிகளின் வழியாகத்தான் கைகள் உள்ளே வருகின்றன. இவ்வளவையும் அவசரமே இல்லாமல், ஒரு மனிதர் வேலை செய்வதை நாம் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் ரொமேரோ காட்டுகிறார். அறைகிற சத்தத்துக்கு நடுவே, தான் அந்த வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று பென் சொல்லிக்கொண்டே போகிறார். அவர் சொல்லும் லாரி விபத்தைக் காட்சியாக எடுக்கப் பணமில்லை; பேச்சாக மட்டுமே கேட்பதால்தான் அது இன்றும் மனத்தில் நிற்கிறது.

மறுஆக்கத்துக்கு ஏறத்தாழ 4.2 மில்லியன் டாலர் கிடைத்தது. ஹாலிவுட் கணக்கில் அதுவும் சிறிய தொகைதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வீடு பார்க்க நன்றாக இருக்கிறது, ஒளியமைப்பு நன்றாக இருக்கிறது; எல்லாம் நன்றாக இருப்பதே எனக்குத் தடையாக இருக்கிறது. என் தீர்ப்பு: மூலம் முதலில், மூலம் மட்டும் என்றாலும் சரிதான்.

பிறைநதி (பட்டர்வொர்த்)

பழையவன் ஐயா வீட்டைப் பார்த்த அளவுக்கு அந்த வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

மூலத்தில் பார்பராவாக வரும் ஜூடித் ஓடியா தொடக்கத்தில் மிக நன்றாக நடித்திருக்கிறார். கல்லறையிலிருந்து ஓடுகிறார், காரின் சாவி அண்ணனிடமே தங்கிவிட்டதால் கைத்தடையை விடுவித்து இறக்கத்தில் காரை உருட்டிவிடுகிறார். அவ்வளவு சமயோசிதம் உள்ள பெண் வீட்டுக்குள் வந்ததும் வாயடைத்துப் போகிறாள். பென் அவளை ஒரு முறை அறைகிறார். பிறகு படம் முடியும் தறுவாய் வரை அவள் ஒரு தட்டுமுட்டுச் சாமானைப் போல் மூலையில் இருக்கிறாள். அதிர்ச்சியில் ஒருவர் அப்படி உறைந்துபோவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் வீட்டில் உள்ள ஆண்கள் யாருக்கும் அந்த உறைவு நேரவில்லை; அது அவளுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

1990இல் பட்ரிசியா டால்மன் நடித்த பார்பராவும் அதே அதிர்ச்சியோடுதான் வீட்டுக்குள் நுழைகிறாள். ஆனால் மெல்ல மெல்ல நிதானத்துக்கு வருகிறாள். பாவாடையைக் களைந்து அந்த வீட்டில் கிடைத்த கால்சட்டையையும் காலணியையும் மாட்டிக்கொள்கிறாள், துப்பாக்கியைக் கையாளப் பழகுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒன்று சொல்கிறாள்: இவை இவ்வளவு மெதுவாக நடக்கின்றனவே, நாம் ஓடக்கூட வேண்டியதில்லை, நடந்தே கடந்து போய்விடலாமே என்கிறாள். 1968 முதல் எத்தனையோ பேர் பார்த்த படம். பார்த்த பலரும் மனத்துக்குள் கேட்டுக்கொண்ட கேள்வியை ஒரு பாத்திரம் வாய்திறந்து கேட்பதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ரொமேரோ தம் பார்பராவுக்குத் தர வேண்டிய கடனைத் தீர்த்திருக்கிறார் என்பதே என் கருத்து.

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

சகோதரி பிறைநதி சுட்டிய அந்த ஒரு வசனத்தைத்தான் நானும் குறிவைத்திருந்தேன். அந்த வசனம் உண்மை; அதனால்தான் அது படத்தைக் கெடுக்கிறது.

மூலத்தில் சண்டை எதைப் பற்றியது என்று பாருங்கள். நிலவறை ஒரு பொறி, அங்கே போனால் வெளியேற வழியில்லை என்கிறார் பென். மேலே எத்தனை சன்னல், எத்தனை கதவு, எல்லாவற்றையும் எப்படிக் காப்பது, கீழே ஒரே கதவுதான் என்கிறார் கூப்பர். பென் அமைதியானவர், துணிந்தவர், உழைப்பவர். கூப்பர் சிடுமூஞ்சி, கோழை, தன் குடும்பத்துக்கு மேல் யோசிக்காதவர். ஆகவே நாம் இயல்பாகவே பென் பக்கம் சாய்கிறோம். ஆனால் அன்றிரவு பென் வகுக்கும் திட்டங்கள் ஒவ்வொன்றாகத் தோற்கின்றன. பெட்ரோல் நிரப்பப் போன இளம் இணை லாரியோடு எரிந்து சாகிறது. அடைத்த பலகைகள் பெயர்கின்றன. எல்லோரும் செத்த பிறகு பென் உயிரோடு விடியலைப் பார்ப்பது எங்கே? கூப்பர் போகச் சொன்ன நிலவறையில். பிடிக்காத மனிதன் சொன்னது சரி, பிடித்த மனிதன் சொன்னது தவறு என்று படம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் காட்டிவிடுகிறது. முதல்முறை பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை, ஏனென்றால் அடுத்த நிமிடமே பென்னின் சாவு வந்து எல்லாவற்றையும் மறக்கடித்துவிடுகிறது.

இந்தப் பிணக்கு நிற்க வேண்டுமானால் வெளியே போக முடியாது என்பதைப் பார்வையாளர் நம்ப வேண்டும். மறுஆக்கத்தில் பார்பரா நடந்து போய்விடலாம் என்று சொல்கிறாள், கடைசியில் நடந்தும் போய்விடுகிறாள், பிழைத்தும் கொள்கிறாள். அந்தக் கணத்திலிருந்து மேலேயா கீழேயா என்று கத்திக்கொண்டிருக்கும் பென்னும் கூப்பரும் வெறும் முட்டாள்களாகத் தெரிகிறார்கள். டோனி டாட் எவ்வளவு நெஞ்சார நடித்தும் அந்தப் பென்னை மீட்க முடியவில்லை. ஒருவரைச் சரிசெய்யப் போய் மற்ற எல்லோரையும் சிறியவர்களாக்கிவிட்டார் என்பதைத்தான் வீடு பலவீனமடைந்தது என்று குறிப்பிட்டேன்.

பிறைநதி (பட்டர்வொர்த்)

அண்ணன், அவர்கள் முட்டாள்களாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே அப்படி எழுதியிருக்கிறார்? இரண்டு ஆண்கள் யார் பெரியவர் என்று கத்திக்கொண்டிருக்கும் வீட்டில், வழி தெரிந்தவள் சொல்வது யார் காதிலும் ஏறவில்லை. நம் ஊரில் எந்தச் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் இதைக் காணலாம். மறுஆக்கத்தின் வேடிக்கையே அதுதான்: பென் கடைசியில் காயத்தோடு நிலவறைக்குள் இறங்கும்போது, அவர்கள் தேடியலைந்த பெட்ரோல் பம்பின் சாவி அங்கேயே மாட்டியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சாவி இல்லாததால்தான் பூட்டைச் சுட்டுத் தீப்பற்றி இளம் இணை செத்தது. கீழே போயிருந்தால் சாவி கிடைத்திருக்கும், சாவி கிடைத்திருந்தால் மேலே இருந்தவர்கள் தப்பியிருப்பார்கள். இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டிருந்தால் போதும். மூலத்தில் கூப்பர் சரி, பென் தவறு என்று முடிகிறது; மறுஆக்கத்தில் இருவருமே பாதி சரி. இதை நான் பலவீனம் என்று சொல்லமாட்டேன்.

சட்டப்புத்தகம் (பெட்டாலிங் ஜெயா)

மறுஆக்கம் ஏன் பிறந்தது என்பதை ஒருவரும் இன்னும் தொடவில்லை. அது தெரிந்தால் பேச்சில் சில விஷயங்கள் தெளிவாகும்.

படம் முடிந்தபோது அதன் பெயர் ‘நைட் ஆஃப் தி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்’. பதிப்புரிமை அறிவிப்பு அந்தப் பெயர் வரும் அட்டையிலேயே இருந்தது. விநியோகித்த வால்டர் ரீட் நிறுவனம் பெயரை மாற்றியபோது பழைய அட்டை போய்ப் புதிய அட்டை வந்தது; அறிவிப்பும் பழைய அட்டையோடு போய்விட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வெளியிடப்பட்ட பிரதியில் அறிவிப்பு இல்லையென்றால் உரிமையே கிடையாது. 1968இல் திரைக்கு வந்த நாளிலிருந்தே அது யார் வேண்டுமானாலும் படியெடுத்து விற்கக்கூடிய பொதுச்சொத்தாகிவிட்டது. பின்னர் வீடியோ நாடாக்கள் பெருகிய காலத்தில், எடுத்தவர்களைத் தவிர மற்ற எல்லோரும் அதை விற்றார்கள். இந்நாட்டில் பசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தைக் கடைகளில் பத்துப் பேய்ப் படங்களை ஒரே வட்டில் அடைத்து விற்றதை வாங்கியவர்களுக்கு, அந்தப் பத்தில் இது ஏன் தவறாமல் இருந்தது என்பது இப்போது விளங்கும். நம் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் உரிமை பிறப்பதற்கு அப்படி ஓர் அறிவிப்பு தேவையே இல்லை. அமெரிக்காவும் 1989 மார்ச் முதல் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. எடுத்தவர்களுக்கு அது இருபது ஆண்டு தாமதம்.

ஆகவே 1990இல் மெனகெம் கோலானின் நிறுவனம் பணம் போட, ரொமேரோவும் ரூசோவும் ஸ்ட்ரைனரும் தங்கள் கதையிலிருந்து தாங்களே ஏதேனும் வருவாய் பெறும் பொருட்டு மறுஆக்கத்தில் இறங்கினார்கள். சட்டம் ஒரு நுணுக்கத்தையும் இங்கே வைத்திருக்கிறது: பொதுச்சொத்தான ஒன்றிலிருந்து புதிதாக ஆக்கியதில், புதிதாகச் சேர்த்த பகுதிக்கு மட்டுமே உரிமை உண்டு. பார்பரா மாறியதற்கு அது காரணம் என்று நான் சொல்லவரவில்லை. கலைக் காரணங்கள் இருந்திருக்கும். ஆனால் புதிய பார்பராவும் புதிய முடிவும் அவர்களுக்கே சொந்தமானவை, பழைய பார்பரா உலகத்துக்குச் சொந்தம்.

ஒலிப்பதிவன் (கோலாலம்பூர்)

பின்னணிக் குரல் சேர்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மூலத்தில் செத்து எழுந்த சிறுமி தாயைக் கொத்தனார் கரண்டியால் குத்திக் கொல்கிறாள். கரண்டி உடலில் இறங்குவதை நாம் ஒருமுறைகூடத் தெளிவாகப் பார்ப்பதில்லை. ஓங்கிய கை, தாயின் முகம், சுவரில் தெறிக்கும் கறுப்புத் துளிகள், மீண்டும் ஓங்கிய கை என்று துண்டு துண்டாக வருகிறது. தாயின் அலறலை மட்டும் எடுத்து எதிரொலி ஏற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மனிதக் குரல் என்று சொல்ல முடியாத அளவுக்குத் திரித்திருக்கிறார்கள். படத்தின் இசையில் பெரும்பகுதி இசைக் களஞ்சியத்திலிருந்து குறைந்த விலைக்கு வாங்கிய ஆயத்த இசை. அந்த இசை மலிவாகத்தான் ஒலிக்கிறது. ஆகவே அது நின்றுபோய் இந்தத் திரிந்த அலறல் வரும்போது காதுக்கு ஏற்படும் அதிர்ச்சி இரட்டிப்பாகிறது.

மறுஆக்கத்தில் மகள் தாயைக் கடிக்கிறாள். பற்களும் காயமும் ஒப்பனையும் குறையில்லாதவை. ஆனால் அது மற்றக் கடிகளுள் ஒன்றாகப் போய்விடுகிறது.

டாம் சவினியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலப் படத்துக்கே அவர் ஒப்பனை செய்வதாக இருந்தது. அந்த வேளையில் இராணுவத்தில் சேர்ந்து வியட்நாம் போரில் புகைப்படக்காரராகப் போய்விட்டார். பிறகு 1978இல் ரொமேரோவின் ‘டான் ஆஃப் தி டெட்’, 1980இல் ‘ஃபிரைடே தி தர்ட்டீன்த்’ ஆகிய படங்களின் இரத்தக் காட்சிகளால் பெயர்பெற்றார். அப்படிப்பட்டவர் இயக்கும் படம் இரத்தக்களரியாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தபோது, தணிக்கைத் தரச்சான்றுக்காக வெட்டியும் குறைத்தும் வெளிவந்த படம் வியக்கத்தக்க வகையில் அடக்கமானது. ஒப்பனையை ஜான் வூலிச்சும் எவரெட் பரெலும் செய்தார்கள். அவர்கள் படைத்த நடைபிணங்கள் அழுகிய பூதங்களாக இல்லாமல், மருத்துவமனைப் பிணவறையிலிருந்து எழுந்து வந்தவர்களைப் போல் மெலிந்து, வெளுத்து, பரிதாபமாக இருக்கின்றன. மறுஆக்கத்தில் என்னை உண்மையாகவே தொட்டது அந்தப் பரிதாபம்தான். பழையவன் ஐயா “எல்லாம் நன்றாக இருப்பதே தடை” என்று ஒரே வரியில் கடந்துபோனது நியாயமில்லை.

கிள்ளான் ஆற்றங்கரை

இரண்டிலும் எனக்குப் பயமே வரவில்லை. வாழைமரத்தடிக்கு இரவில் போகாதே, பொந்தியானாக் என்னும் பெண்பேய் இருக்கிறது என்று மிரட்டி வளர்க்கப்பட்டவர்கள் நாம். மெதுவாக நடந்து வருகிற பிணத்தைக் கண்டு என்ன பயம்? இதற்கு இத்தனை பக்கமா?

செந்தூல் பழையவன் (கோலாலம்பூர்)

ஆற்றங்கரை நண்பருக்கு: நீங்கள் சொன்ன பொந்தியானாக்கை முதலில் வெள்ளித்திரையில் பெரும் வெற்றியாக்கியவர் பி. என். ராவ், தமிழ்ப் படங்களையும் இயக்கியவர். 1957இல் சிங்கப்பூரின் கேத்தே கிரிஸ் நிறுவனத்துக்காக மரியா மெனாடோவை நாயகியாக வைத்து எடுத்தார். அந்த முதல் ‘பொந்தியானாக்’ படத்தின் பிரதி இன்று கிடையாது; தொலைந்துவிட்டது. சட்டப்புத்தகம் சொன்னதோடு இதைச் சேர்த்து எண்ணிப் பார்க்கிறேன். உரிமை கைவிட்டுப் போன படம், கண்டவரெல்லாம் படியெடுத்ததால் உலகெங்கும் கிடைக்கிறது. உரிமையோடு ஒருவர் பெட்டிக்குள் இருந்த படம் அழிந்தது. ரொமேரோவுக்கு நேர்ந்த இழப்பு பெரிது என்றாலும் படத்துக்கு அது ஆயுள் கூட்டியது.

பயத்தைப் பற்றி: அந்தப் படத்தின் பயம் பிணத்தில் இல்லை. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில், வெளியே வராதீர்கள், வீட்டிலேயே இருங்கள் என்று செய்தி சொல்கிறது. பிறகு தொலைக்காட்சியில், வீட்டில் இருக்காதீர்கள், மீட்பு நிலையங்களுக்குப் போய்விடுங்கள் என்கிறார்கள். அதிகாரிகள் வாஷிங்டனில் நடந்துகொண்டே ஆளுக்கொன்று பேசுகிறார்கள். 1969 மே மாதம் இந்த நகரில் ஊரடங்கின்போது நான் சிறுவன்; பெரியவர்கள் சன்னலை மூடிவிட்டு வானொலிக்குக் காது கொடுத்திருந்ததைப் பார்த்தவன். பின்னாளில் வாடகை வீடியோவில் இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குப் பேய்ப்படம் பார்க்கும் உணர்வே வரவில்லை.

முடிவுக்கு வருகிறேன். பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். அந்தப் பாத்திரம் கறுப்பினத்தவருக்கென்று எழுதப்படவில்லை. நடிப்புத் தேர்வில் அவர்தான் சிறந்தவர் என்பதால் எடுத்தோம் என்று ரொமேரோ சொல்லிவந்தார். முரட்டு லாரி ஓட்டுநராக எழுதப்பட்டிருந்த பென்னின் பேச்சைத் தம் இயல்புக்கேற்ப மாற்றி, படித்த, நிதானமான மனிதராக ஆக்கியவர் ஜோன்ஸ். படம் முடிந்து பிரதியை நியூயார்க்குக்குக் காரில் கொண்டுபோன இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் ஷெரிப்பின் ஆட்கள் துப்பாக்கியும் நாய்களுமாக வருகிறார்கள். சன்னலில் தெரியும் பென்னை நடைபிணம் என்று எண்ணி நெற்றியில் சுடுகிறார்கள். பிறகு படம் அசைவதை நிறுத்திவிடுகிறது. நாளிதழில் அச்சான படங்களைப் போன்ற புள்ளி புள்ளியான நிழற்படங்கள் வருகின்றன: இறைச்சிக் கொக்கிகள், இழுத்துச் செல்லப்படும் பென்னின் உடல், விறகுக் குவியல். அதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை, வேலையை முடிக்கிறவர்கள். 1990இல் எந்தப் பணத்தாலும் இதைத் திரும்ப எடுக்க முடியாது, ரொமேரோவும் முயலவில்லை.

பிறைநதி (பட்டர்வொர்த்)

முயலாதது அறிவுடைமை என்றே நினைக்கிறேன் ஐயா. அதற்குப் பதிலாக என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பிழைத்துப்போன பார்பரா அடுத்த நாள் காலை வேட்டைக்காரர்களோடு திரும்பி வருகிறாள். அவர்கள் நடைபிணங்களை மரத்தில் தொங்கவிட்டுச் சுட்டு விளையாடுகிறார்கள், வேலிக்குள் அடைத்து மல்லுக்கட்டுகிறார்கள். அவையும் நாமும் ஒன்றுதான் என்று அவள் சொல்கிறாள். நிலவறைக்குள் பென் நடைபிணமாகிவிட்டார், அவரையும் சுட்டுவிடுகிறார்கள். அப்போது பரணிலிருந்து கூப்பர் உயிரோடு இறங்கி வருகிறார். அவள் ஒரு சொல்லும் பேசாமல் அவரைச் சுட்டுவிட்டு, நெருப்புக்கு இன்னொன்று என்று கூறி நடக்கிறாள். மூலத்தில் தவறுதலாக ஒரு மனிதனைக் கொன்றார்கள். மறுஆக்கத்தில் தெரிந்தே ஒரு மனிதனைக் கொன்று, தவறுதல் என்று தோன்றும்படி விட்டுவிடுகிறாள். அவள் மேம்பட்டுவிட்டாள் என்று முதல் இடுகையில் படித்தேன். மேம்பட்டாளா, கெட்டாளா என்பதைப் படம் நம்மிடமே விட்டிருக்கிறது.

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

அந்தக் கொலையை நான் வேறுவிதமாகப் படிக்கிறேன். கூப்பர் சாக வேண்டும் என்று அரங்கில் இருப்பவர்கள் ஒன்றரை மணி நேரமாக ஏங்கிக்கொண்டிருப்பார்கள். கடைசியில் அவர்களுக்கு அது கிடைத்துவிடுகிறது. கணக்கு நேராகிவிடுகிறது. மூலத்தின் முடிவில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நாம் எழுந்துபோகிறோம். எனக்கு அந்த நேராகாத கணக்குதான் பெரிது. ஆனாலும் பிறைநதி கூறியதை எங்கள் கூட்டத்தில் அப்படியே எடுத்துவைக்கிறேன், ஏனென்றால் அங்கேயும் இதே பிளவு வரும்.

ஒலிப்பதிவன் (கோலாலம்பூர்)

வரிசைக் கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது, அதை மறுஆக்கமே சொல்கிறது. மூலத்தின் தொடக்கத்தில், கல்லறைத் தோட்டத்தில் தூரத்திலிருந்து ஒருவர் தள்ளாடி வருகிறார். அவர்தான் முதல் நடைபிணம். மறுஆக்கத்திலும் ஒருவர் தள்ளாடி வருகிறார். வந்து மோதிவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போகும் சாதாரண மனிதர். நாம் மூச்சு விடும்போதுதான் உண்மையான நடைபிணம் வேறு பக்கத்திலிருந்து பாய்கிறது. மூலத்தைப் பார்க்காதவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. பார்த்தவர்களை ஏமாற்றுவதற்காகவே வைத்தது. பார்பரா சோபாவை விட்டு எழுவதும் அப்படித்தான்: அவள் எழமாட்டாள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது வியப்பு. மறுஆக்கம், மூலத்தைப் பார்த்தவர்களுக்காக எழுதப்பட்ட படம்.

எந்தப் பிரதி என்பதிலும் கவனமாக இருங்கள். பத்துப் படங்கள் அடைத்த வட்டுகளில் இருப்பவை படியின் படியின் படி. இரவுக் காட்சிகளில் கறுப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. 1986இல் வண்ணமூட்டிய பதிப்பு ஒன்று வந்தது, நடைபிணங்களுக்குப் பச்சைத் தோல் பூசியிருப்பார்கள். அதைத் தொட வேண்டாம். முப்பதாம் ஆண்டு நிறைவுப் பதிப்பு என்ற பெயரில் ரூசோ புதிய காட்சிகளும் புதிய இசையும் சேர்த்து வெளியிட்டதையும் தவிர்த்துவிடுங்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் 2016இல் மூலப் படச்சுருளிலிருந்து சீரமைத்த பிரதி இருக்கிறது. கிரைட்டீரியன் நிறுவனம் 2018இல் வட்டாக வெளியிட்டது. அதில்தான் பென் அறையும் பலகைகளின் மரக்கோடுகள்கூடத் தெரியும்.

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

ஒலிப்பதிவன் சொன்ன கல்லறைக் காட்சி ஒன்றே போதும், வரிசை முடிவாகிவிட்டது. மூலம் முதலில், சீரமைத்த பிரதியில். இடைவேளையில் ஒவ்வொருவரும் மேலேயா, நிலவறையா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போட வேண்டும். சீட்டுகளைப் பிரிக்காமல் வைத்திருந்து மறுஆக்கம் முடிந்த பிறகுதான் படிப்போம். பிறைநதி வருவதாக இருந்தால், மூலத்தை ஏழு மணிக்கே தொடங்கிவிடுகிறேன். அவர் அக்கரைக்குத் திரும்ப வேண்டும், மறுஆக்கம் பதினொரு மணிக்குள் முடிந்தாக வேண்டும்.

பிறைநதி (பட்டர்வொர்த்)

வருகிறேன் அண்ணன். என் சீட்டில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, வாசல் என்று எழுதலாமா?

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

எழுதலாம். ஆனால் மூலம் ஓடி முடிந்த இடைவேளையில் அப்படி எழுதினால் செல்லாத வாக்கு. மறுஆக்கத்துக்குப் பிறகு எழுதினால் கணக்கில் சேர்க்கிறேன்.